மெர்ல் ஊற்றிய பினாயில்

இன்னும் கொஞ்சம் அருகில் வாருங்கள், செல்லங்களே. வெயிலில் நிற்காதீர்கள், இந்தப் பக்கம் நிழல் இருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டாயிற்றா? சாப்பிடாதவர் இருந்தால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கதையைக் கேட்ட பிறகு சோறு இறங்காது. மில்லிகன் பள்ளத்தாக்கில் நாலு கக்கூஸ் ஒரு வருஷம் நாறிய நாற்றத்தைச் சொல்லப்போகிறேன். அந்த நாற்றத்துக்குக் காரணமானவள் வாயைத் திறக்க எத்தனை மாதம் எடுத்துக்கொண்டாள் என்பதையும் சொல்லப்போகிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கடைசிவரை இருங்கள், கண்ணுகளா.

மெர்ல் ஹாஸ்கெட் என்று ஒருத்தி. ஐம்பத்தெட்டு வயது. பாலைவனத்து நடுவில் இருக்கிற ஆலிஸ் நகரத்திலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் வண்டியில் போனால் மில்லிகன் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா. அதன் வாசலுக்கு வெளியே ஒரு கடை, ஒரு பெட்ரோல் பம்ப், ஏழெட்டுத் தகர வீடுகள். அதில் ஒன்றில் தனியாக இருந்தாள். பூங்காவுக்குள் கூடாரமும், காருக்குப் பின்னால் இழுத்துவரும் கேரவன் வீடும் போடுகிற இடத்தில் இருந்த நாலு கக்கூஸையும் கழுவுவது அவள் பிழைப்பு. திங்களும் வியாழனும் பிக்கப் வண்டியில் செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டு போவாள். ஊர் உலகத்திலிருந்து ஜனங்கள் பருவத்துக்குப் பருவம் அங்கே வருவது சிவந்த பாறைச்சுவரையும் வற்றின ஆற்றில் நிற்கிற வெள்ளை மரங்களையும் பார்க்க. மெர்ல் பார்த்ததெல்லாம் அவர்கள் விட்டுப்போனதைத்தான்.

சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். யார் வீட்டில் தேநீர் கொடுத்தாலும் கோப்பையின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை எப்படி வாய்த்தது என்று கேட்டால், புருஷன் போன பிறகு அந்த இடத்தில் வேறு வேலை இல்லை. அவ்வளவுதான்.

பாலைவனத்தில் தண்ணீர் விட்டு அடிக்கிற கக்கூஸ் கிடையாது. இருக்கைக்கு அடியில் ஆள் நின்று வேலை செய்கிற அளவுக்குப் பெரிய அறை. விழுவதெல்லாம் அங்கே குவிந்து, மரச்சீவலோடு கலந்து, கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததுமான பூச்சிகள் தின்று, வருஷக் கடைசியில் வெறும் மண்ணாகிவிடும். மேலே இருக்கை, தரை, சுவர், காகிதம் எல்லாம் மெர்லின் பொறுப்பு. கீழே கதவைத் திறந்து குவியலைக் கிளறி, சீவல் போட்டு, காய்ந்தால் நீர் தெளிப்பது ஆம்ப்ரோஸின் பொறுப்பு.

ஆம்ப்ரோஸ் அங்கே ரேஞ்சர், பூங்காவைப் பார்த்துக்கொள்கிறவன்; அந்த மண்ணின் பூர்வகுடி. அந்தப் பள்ளத்தாக்கே அவன் குடும்பத்தின் பூமி. பூங்கா என்று பலகை நடுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்து அவர்களுடையது. ஆனாலும் அங்கே அவன் குடியிருக்க முடிந்தது ரேஞ்சர் வீடு இருந்ததால். வேலை போனால் வீடும் போகும், மனைவி மக்களோடு ஆலிஸ் ஓரத்தில் யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒண்டவேண்டும். அந்த வேலையை வருஷா வருஷம் அக்டோபரில் புதுப்பிப்பார்கள்.

மெர்ல் வேலைக்குச் சேர்ந்த நாளில் அவன் கீழ்க்கதவைத் திறந்து காட்டினான். உள்ளே மழை பெய்த காட்டு மண்ணின் வாடைதான் வந்தது. மெர்லுக்கோ அதுவும் குமட்டியது. முந்தானை இல்லாத ஊரில் சட்டைக் காலரை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு உயிரு இருக்குக்கா," என்றான் ஆம்ப்ரோஸ். "தண்ணியும் துளி வினிகரும் போதும். மேல நீ ராணி, கீழ நான் ராஜா. ராஜா ஊருக்குள்ள பினாயில ஊத்திப்புடாத, குடிமக்க செத்துருவாங்க."

சரி என்று தலையாட்டினாள். வினிகர் என்பது வறுத்த மீனில் தெளிக்கிற சாமான் என்றுதான் அவள் மனதில் இருந்தது.

ஒரு வருஷம் கழிந்து ஜனவரி வந்தது; அந்த ஊரில் அதுதான் கோடை. நாற்பத்தைந்து டிகிரி வெயில். அந்த மாதத்தில் அங்கே வருபவர்கள் ஒன்று வெளிநாட்டுக்காரர்கள், இல்லையென்றால் புத்தி பேதலித்தவர்கள். ஒரு வியாழக்கிழமை மூன்றாவது கதவைத் திறந்தாள். யாரோ சுவர் முழுக்கக் கையாலேயே பூசியிருந்தார்கள். எதைப் பூசியிருந்தார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வெயிலில் அது காய்ந்து பிளந்து, ஒவ்வொரு பிளவிலும் ஈ. திறந்த வேகத்தில் ஈக்கள் எழுந்து அவள் உதட்டில் வந்து உட்கார்ந்தன. மெர்ல் ஓடிப்போய் ஊசிப்புல் புதருக்குப் பக்கத்தில் காலை உணவை அப்படியே கக்கினாள். பிறகு திரும்பி வந்து, சுவரைச் சுரண்டிக் கழுவினாள். வீட்டுக்குப் போய் மூன்று முறை குளித்தும் உதட்டில் அந்தக் கால்களின் குறுகுறுப்பு போகவில்லை.

அடுத்த திங்கள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்த பினாயில் டப்பாவை எடுத்து வண்டியில் போட்டாள். தண்ணீரில் கலந்து, நாலு குழியிலும் குழிக்குக் கால் வாளி ஊற்றினாள். பைன் மர வாசம் குப்பென்று எழுந்தது. அவள் அங்கேயே நின்று, ஒரு வருஷத்தில் முதல்முறையாக, மூக்கு நிறைய மூச்சு இழுத்தாள்.

ஒரு தரம் ஊற்றியதோடு நின்றிருந்தால் குவியல் தாங்கியிருக்கும். அவள் நிறுத்தவில்லை.

மார்ச்சில் நாலு நாள் மழை பெய்தது. ஆறு இரண்டு நாள் ஓடி நின்றது. வெயில் தணிந்ததும் ஈஸ்டர் விடுமுறைக் கூட்டம் வந்தது. கூட்டம் என்றால் என்ன, கண்ணுகளா, நாலு கக்கூஸுக்கு நூற்றுப் பத்து பேர். வரிசையில் நிற்கப் பொறுக்காதவர்கள் புதருக்குப் போனார்கள். அவர்கள் போன பிறகு ஊசிப்புல்லெல்லாம் வெள்ளைப் பூ பூத்த மாதிரி காகிதம். பாறையிடுக்கில் மலத்தோடு சுருட்டித் திணித்த குழந்தைத் துணிகள். மெர்ல் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இவர்கள் சொந்த வீட்டில் எப்படித்தான் இருப்பார்களோ என்று நினைத்து நினைத்து அவளுக்கு மனித முகத்தைப் பார்க்கவே அருவருப்பாகிவிட்டது. கடையில் எதிரே நின்று ஒருவர் ரொட்டி தின்றால்கூட, இது நாளை எங்கே கிடக்கும் என்றுதான் தோன்றும்.

கீழேயிருந்து வரும் நாற்றமும் மாறியிருந்தது. மண் வாடை போய்விட்டது. அழுகின முட்டையும் பழைய மூத்திரமும் சேர்ந்து, கண்ணில் எரிச்சலாக ஏறியது. நாற்றம் கூடக்கூட மெர்ல் பினாயிலைக் கூட்டினாள். பினாயில் கூடக்கூட நாற்றம் கூடியது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை. சுத்தம் செய்கிற சாமான் அசுத்தம் செய்யும் என்று அவளுக்கு யாரும் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. ஆம்ப்ரோஸ் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை. பைன் வாசம் அரை நாளில் பறந்துவிடும்; ஆம்ப்ரோஸ் கீழே கிளற வருகிறபோது அதன் சுவடு இருக்காது.

டப்பாக்களை அவள் வாங்கியது கடையில். கடையில் இருந்தது ஆம்ப்ரோஸின் அக்கா நோலா. பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த வாய்.

"ஏ மெர்லு, வாரத்துக்கு நாலு டப்பாவா? வீட்டுல ஒட்டகம் வளக்குறியா, இல்ல நீயே குடிக்கிறியா?"

வீடு பெரிசு என்று முணுமுணுத்துவிட்டு மெர்ல் வந்துவிட்டாள். அவள் வீட்டில் இரண்டே அறை.

மே மாதம் ஆம்ப்ரோஸின் தாய்மாமன் வடக்கே இறந்துபோனார். தாய்மாமன் சாவுக்குப் போகாமலிருப்பது அவர்களிடம் நினைத்தே பார்க்க முடியாத காரியம். போனால் ஒரு நாளில் திரும்பவும் முடியாது. முறைப்படி சொல்லிவிட்டுத்தான் போனான். இரண்டு வாரம் கழித்து வந்து கீழ்க்கதவைத் திறந்தவன் இரண்டடி பின்னால் போய்விட்டான்.

ஜூன், ஜூலை. காலையில் கூடாரத்தின் மேல் உறைபனி. பகலில் நல்ல இதமான வெயில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கேரவனை இழுத்துக்கொண்டு தெற்கேயிருந்து சாரிசாரியாக வருகிற காலம். அந்தக் குளிரிலும் கக்கூஸ் நாற்றம் முகாமின் கடைசிக் கேரவன்வரை போயிற்று. குவியல் மண்ணாகாமல் மேலே மேலே ஏறியது. ஒருநாள் சின்னக் குழந்தை ஒன்றை உட்காரவைத்துத் தூக்கிய தாய் அதன் தொடையில் வெள்ளைப் புழு நெளிவதைப் பார்த்துப் போட்ட கூச்சல் பள்ளத்தாக்கில் எதிரொலித்தது. அவள் அன்றைக்கே புகார் எழுதினாள். அதற்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர் எழுதினார்கள்.

ஆம்ப்ரோஸ் மெர்லைக் கீழே கூப்பிட்டான். முகமூடிக்கு மேலே அவன் கண் சிவந்திருந்தது. கிளறுகோலை உள்ளே விட்டு இழுத்தான். கறுப்புக் கூழ் ஒன்று பிசுபிசுவென்று அதோடு வந்து, தரையில் சொத்தென்று விழுந்தது. அதில் ஒரு பூச்சிகூட உயிரோடு இல்லை. மேலே மொய்த்த ஈப்புழுவைத் தவிர.

"செத்துப்போச்சுக்கா. எவனோ மருந்து ஊத்திருக்கான். கேரவன்காரனுங்களாத்தான் இருக்கணும், அவனுங்க வண்டிக்குள்ள வெச்சிருக்குற கக்கூஸ் பொட்டியில மருந்து கலந்த நீலத் தண்ணி இருக்கும், அத ராவோட ராவா இதுல கொட்டுறானுங்க."

கொன்றது தன் பினாயில்தான் என்று அந்த நொடியில் மெர்லுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

"ஆமா தம்பி," என்றாள். "அவனுங்கதான்."

எவ்வளவு சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தது அந்தப் பேச்சு. மேலே ஏறி வந்து கையுறையைக் கழற்றியபோது சுத்தமாக இருந்த கைகளைப் பார்த்தே அவளுக்குக் குமட்டியது.

மருந்துத் தண்ணீரை இங்கே கொட்டாதீர்கள் என்று ஆம்ப்ரோஸ் பலகை எழுதி நட்டான். அதோடு விடவில்லை. ஓய்வு நாள்களிலும் விடிந்ததும் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கக்கூஸ் முன்னால் காவல் உட்கார்ந்தான்; பெட்டியோடு வருபவர்களிடம் தன்மையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினான். கிழவர் ஒருவர் அவனைப் பார்த்து, கக்கூஸுக்கு வாட்ச்மேன் போட்ட அரசாங்கம் இதுதான் என்றும், உன் ஆட்களுக்கு ஏற்ற வேலைதான் கிடைத்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். மெர்ல் துடைப்பத்தோடு பத்தடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தரையைத் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள்.

இதற்குமேல் அவள் ஊற்றவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகஸ்டில் ஒரு சீமாட்டி, இதைச் சுத்தம் என்று சொல்லிக்கொள்ள உனக்கு வெட்கமாக இல்லையா என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டுவிட்டாள். மெர்லுக்குக் காது சிவந்தது. வண்டியில் கடைசியாக ஒரு டப்பா மிச்சம் இருந்தது. ஆம்ப்ரோஸ் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு கேரவனைப் பார்க்கப் போன சமயம். தெரிந்தே ஊற்றினாள். அரை நாள் பைன் வாசத்துக்காக.

செப்டம்பரில் ஆலிஸ் அலுவலகத்திலிருந்து ஸ்டூவர்ட் என்ற அதிகாரி வந்தார். கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு கீழ்க்கதவருகே ஒரு நிமிஷம் நின்றார். பூட்ஸ் அடியைக் கல்லில் தேய்த்துக்கொண்டே மெர்லை ஓரமாக அழைத்துப்போய், மேலே எவ்வளவு பளிச்சென்று வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, வெள்ளைக்காரர் வெள்ளைக்காரியிடம், நம்மாள் நம்மாளிடம் பேசுகிற தோரணையில், கீழே கிளறவேண்டியவன் கிளறவில்லை என்றும், துக்கம் துக்கம் என்று கிளம்பிவிடுகிறவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும், இந்த அக்டோபரோடு அவன் வேலையை முடித்துவிடலாம் என்றும் சொன்னார். கேரவன் கதையை அவர் நம்பவில்லை. ஒருவரைக்கூடக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லையே என்றார்.

அந்தப் பாராட்டு அவள் உடம்பில் எச்சில் மாதிரி ஒட்டியது. அன்றைக்கும் மூன்று முறை குளித்தாள்.

அக்டோபரில் பள்ளத்தாக்கு பூத்தது. மஞ்சளும் ஊதாவுமாகக் கண்ணுக்கெட்டியவரை. வெயிலும் திரும்பிவிட்டது, ஈயும் திரும்பிவிட்டது. கடையில் நோலா வேடிக்கை பேசுவதை நிறுத்தியிருந்தாள். மெர்ல் ரொட்டி வாங்கப் போனபோது அவள் காலி அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு, சாமான் கட்ட, என்றாள். மெர்ல் ரொட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அவன் வேலையைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற கூட்டம் நடந்தது முகாமின் தகரப் பந்தலில், காலை பத்து மணிக்கு. காற்று கக்கூஸ் பக்கத்திலிருந்து அடித்தது. ஸ்டூவர்ட் ஒரு கோப்போடு உட்கார்ந்திருந்தார். எதிரே ஆம்ப்ரோஸ், நோலா, அவர்கள் குடும்பத்துப் பெரியவர்கள் நாலைந்து பேர். பிஸ்கட் தட்டு ஒன்று நடுவில் இருந்தது. அந்தக் காற்றில் அதை யாரும் தொடவில்லை. மெர்லைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கீழ்க்கதவு வாரத்துக்கு எத்தனை முறை திறந்திருந்ததைப் பார்த்தீர்கள் என்று ஸ்டூவர்ட் கேட்டார்.

மெர்ல் எழுந்தாள்.

"அவன் ஒழுங்காத்தான் கிளறுனான். கொன்னது நான். ஜனவரியிலேருந்து பினாயில் ஊத்துனேன், நாலு குழியிலயும். ஊத்தக்கூடாதுன்னு அவன் முதல் நாளே சொன்னான்."

ஸ்டூவர்ட் பேனாவை மூடினார். இருக்கட்டும், என்றார், நல்ல எண்ணத்தில் நடந்த சின்னத் தவறு, யாருக்கும் மறதி வரும், இதை இத்தோடு விட்டுவிடலாம் என்றார்.

மெர்ல் அவரையே பார்த்தாள். அதே நாற்றம், அதே குவியல். அவன் செய்ததென்று நினைத்தவரை அது சோம்பேறித்தனம். இவள் செய்ததென்று தெரிந்ததும் மறதி. சுவரில் கையால் பூசிவிட்டுப் போன அந்த முகம் தெரியாத ஆளின் மீதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

"மறதியில்ல. எழுதுங்க," என்றாள். "ஜூலையில எனக்கே தெரிஞ்சிபோச்சு. தெரிஞ்சும் வாயத் தொறக்கல. அதையும் எழுதுங்க."

நோலா இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாந்தானடி வித்தேன்," என்றாள் மெதுவாக. "சிரிச்சிக்கிட்டே வித்தேன்."

ஆம்ப்ரோஸ் அதுவரை தலையைத் தூக்கவில்லை. இப்போது தூக்கினான்.

"ஜூலைக்கு அப்புறமும் ஊத்துனியா?"

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

"ஒரு தடவ. ஆகஸ்ட்ல."

"நான் அங்க காவல் உக்காந்திருந்தப்ப?"

"ஆமா."

அவன் எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, பந்தலை விட்டு இறங்கி, பூக்களுக்கு நடுவே ஆற்றுப் பக்கம் நடந்து போய்விட்டான். பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவன் பின்னால் போனார்கள். மெர்லைத் திட்டக்கூட யாரும் நிற்கவில்லை.

அவன் வேலையை அந்த வாரமே புதுப்பித்தார்கள். மெர்லின் ஒப்பந்தத்தை அவளே எழுதிக் கொடுத்து முடித்துக்கொண்டாள். ஆனால் கோடைக்குள் நாலு அறையையும் காலி செய்தாகவேண்டும். இல்லையென்றால் அந்த வெப்பத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். திங்கள் காலை ஆம்ப்ரோஸ் கீழ்க்கதவைத் திறக்கும்போது மெர்ல் சொந்த மண்வெட்டியோடு வந்து நின்றாள். அவன் நகர்ந்து வழிவிட்டான்.

எட்டு நாள் வெட்டினார்கள். கூழ் அவள் பூட்ஸுக்குள் இறங்கியது, முழங்கைவரை ஏறியது. முதல் நாள் முகமூடிக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். கழுவிவிட்டு மறுபடி இறங்கினாள். இரண்டாம் நாளும் எடுத்தாள். ஐந்தாம் நாளில் வாந்தி நின்றது; நாற்றம் குறைந்ததால் அல்ல, உள்ளே எதுவும் மிச்சம் இல்லாததால். எட்டு நாளும் அவன் அவளோடு பேசியது வாளி, நகரு, போதும் என்ற மூன்று சொல்தான்.

கடைசி நாள் அறைகளைச் சுரண்டி உலரவிட்டு, புதுச் சீவல் பரப்பினார்கள். வேறொரு பூங்காவின் உயிருள்ள குவியலிலிருந்து இரண்டு வாளி மண் கொண்டுவந்திருந்தான் ஆம்ப்ரோஸ். அதைத் தூவினால்தான் புதுசு பிழைக்கும். கறுப்பாக, பொலபொலவென்று, உள்ளே ஏதேதோ ஊர்ந்துகொண்டிருந்தது. மெர்ல் கையுறையைக் கழற்றிவிட்டு வாளியைத் தூக்கக் குனிந்தாள்.

"வேணாம்," என்றான். "இத நானே போட்டுக்குறேன், மெர்ல்."

அக்கா என்று சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. வாளியை வைத்துவிட்டு வெளியே வந்து, குழாயடியில் மண்வெட்டியையும் பூட்ஸையும் கழுவினாள். உள்ளே அவன் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுகிற சத்தம் மழைத்தூறல் மாதிரி கேட்டது. அது முடிகிறவரை வெயிலில் நின்றாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான், செல்லங்களே. மூக்கை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் நல்ல வாசம் எழட்டும், உங்கள் சாக்கடை தடையில்லாமல் ஓடட்டும். உங்கள் வீட்டில் யார் எதைக் கெடுத்தாலும், அது அழுகுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிற வாய் அவர்களுக்கு வாய்க்கட்டும். கேட்டுவிட்டுச் சீவல் பரப்பித் தருகிற கை உங்களுக்கு இருக்கட்டும். பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருங்கள்.